சாகோஸ் தீவுகள்: காகிதத்தில் இல்லாமல் ஆக்கப்பட்ட மக்கள்

கேள்வி இதுதான்: "சர்வதேசச் சட்டம் எல்லா நாடுகளுக்கும் பொதுவானது என்கிறார்கள். காலனி ஆட்சி போய் அறுபது எழுபது வருடம் ஆகிவிட்டது. இன்னும் அந்தச் சட்டத்தில் காலனியம் இருக்கிறது என்று ஏன் சொல்கிறார்கள்? இன்றைக்கு அதனால் யாருக்காவது நிஜமாகப் பாதிப்பு இருக்கிறதா?"

இருக்கிறது. கோட்பாடாகப் பேசினால் இது பிடிபடாமல் நழுவிவிடும் என்பதால், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழக்கை வைத்துப் பதில் சொல்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து தெற்கே கடலில் சுமார் 1,800 கி.மீ. போனால் சாகோஸ் தீவுக்கூட்டம் வரும். நம் கடலின் கதைதான், ஆனால் நம்மில் பெரும்பாலானோருக்கு அது தெரியாது.

அதற்கு முன் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 1603இல் சிங்கப்பூர் அருகே ஒரு போர்ச்சுகீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதிலிருந்த சரக்கு ஆம்ஸ்டர்டாமில் பெரும் பணத்துக்கு ஏலம் போனது. அது கொள்ளையில்லை, நியாயமான கைப்பற்றல்தான் என்று வாதாட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் இளம் வழக்கறிஞரை அமர்த்தியது. அவர் பெயர் ஹ்யூகோ க்ரோஷியஸ். அந்த வாதத்தின் ஒரு பகுதி 1609இல் சிறு நூலாக வந்தது. கடல் எவருக்கும் தனிச்சொத்தல்ல, யாரும் யாரோடும் வணிகம் செய்யலாம் என்பது அதன் சாரம். இன்றும் சட்ட மாணவர்கள் க்ரோஷியஸைச் சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்றுதான் படிக்கிறார்கள். அதே கம்பெனி பின்னால் மலுக்குத் தீவுகளின் கிராம்பிலும் இலங்கையின் கறுவாப்பட்டையிலும் வேறு எவரையும் கைவைக்க விடவில்லை. கடலுக்கு ஒரு நியாயம், கரைக்கு ஒரு நியாயம்.

அப்புறம் பெர்லின் மாநாடு. 1884 நவம்பரில் தொடங்கி 1885 பிப்ரவரி வரை, ஆப்பிரிக்காவில் எப்படி இடம் பிடிக்க வேண்டும் என்பதற்கான விதிகளை 14 நாடுகள் பேசி முடித்தன. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை. சர்வதேச நீதிமன்றத்தின் சட்ட விதிகளில் 38ஆம் பிரிவு "நாகரிகமடைந்த நாடுகள்" ஏற்றுக்கொண்ட பொதுக் கோட்பாடுகள் என்று சொல்கிறது. அந்தச் சொல் இன்றுவரை நீக்கப்படவில்லை. நாகரிகமடையாதவை என்று அன்று யாரை நினைத்து எழுதினார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சரி, சாகோஸுக்கு வருவோம்.

அறுபதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். பெரியது டியேகோ கார்சியா. பிரெஞ்சுக்காரர்கள் தென்னந்தோப்பு போட்டு, மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1814 பாரிஸ் உடன்படிக்கையில் மொரிஷியஸும் அதைச் சார்ந்த தீவுகளும் பிரிட்டன் கைக்கு மாறின. அடிமை முறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் சிலர் போனார்கள். (மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதற்குப் பின்னால் இருப்பதும் அதே கூலிக் கப்பல்களின் வரலாறுதான்.) தேங்காயை உடைத்து, கொப்பரை காயவைத்து, எண்ணெய்க்கு அனுப்புவது அங்கே வேலை. தலைமுறைகள் போயின. அந்த மண்ணுக்கென்று ஒரு கிரியோல் பேச்சு, அதாவது பல மொழிகள் கலந்த பேச்சு, உருவானது. தேவாலயம் எழுந்தது, இடுகாடு நிறைந்தது. ஊர் என்பதற்கு இதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்?

1960களில் இந்தியப் பெருங்கடலில் ராணுவத் தளம் போட அமெரிக்கா இடம் தேடியது. அதே காலத்தில் மொரிஷியஸ் விடுதலை கேட்டுக்கொண்டிருந்தது. 1965 செப்டம்பர் 23 அன்று லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் வில்சன், மொரிஷியஸ் தலைவர் சீவூசாகூர் ராம்கூலமைச் சந்தித்தார். அந்தச் சந்திப்புக்காக வில்சனுக்குத் தரப்பட்ட குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. ராம்கூலமை நம்பிக்கையைக் காட்டியே பயமுறுத்துவதுதான் நோக்கம் என்று அதில் எழுதியிருக்கிறது. விடுதலை கிடைக்கலாம் என்ற நம்பிக்கை ஒரு பக்கம், சாகோஸைப் பிரித்துத் தர இசையாவிட்டால் அது கிடைக்காமல் போகலாம் என்ற பயம் இன்னொரு பக்கம். ராம்கூலம் இசைந்தார். 30 லட்சம் பவுண்டு இழப்பீடு பேசப்பட்டது. நவம்பர் 8 அன்று, நாடாளுமன்ற விவாதம் எதுவும் இல்லாமல், அரசியின் ஆணை ஒன்றில் "பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்" என்ற புதிய காலனி பிறந்தது. உலகமே காலனிகளைக் கலைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு புதுக் காலனி!

இந்த இடத்தில் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. என் பதிலின் கரு அதில்தான் இருக்கிறது. ஐ.நா. சாசனத்தின் 73ஆம் பிரிவுப்படி, தன்னாட்சி பெறாத மக்கள் வாழும் நிலப்பகுதியை ஆளும் நாடு, அம்மக்களின் நலனை முதன்மையாகக் கருத வேண்டும், அது ஒரு "புனிதப் பொறுப்பு". அந்த நிலப்பகுதியைப் பற்றி ஐ.நா.வுக்குத் தகவலும் அனுப்ப வேண்டும். 1960 டிசம்பர் 14 அன்று பொதுச்சபையின் 1514ஆம் தீர்மானம் இன்னும் ஒரு படி மேலே போனது. எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழாமல் 89 வாக்குகளில் நிறைவேறிய அந்தத் தீர்மானம், விடுதலைக்கு முன் ஒரு காலனியைத் துண்டாடுவதை ஐ.நா. சாசனத்துக்கு முரணானது என்றது. பிரிட்டன், அமெரிக்கா உள்பட 9 நாடுகள் நடுநிலை வகித்தன.

லண்டன் அதிகாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 73ஆம் பிரிவு "மக்கள்" இருக்கும் இடத்துக்குத்தானே? அங்கே நிரந்தரக் குடிமக்களே இல்லை, இருப்பவர்களெல்லாம் மொரிஷியஸிலிருந்தும் செஷல்ஸிலிருந்தும் வேலைக்கு வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று சொல்லிவிட்டால்? அப்படியே சொன்னார்கள். 1966இல் வெளியுறவு அலுவலகத்தின் மூத்த அதிகாரி பால் கோர்-பூத் ஒரு குறிப்பில், நமக்கே சொந்தமாக இருக்கும் சில பாறைகளைப் பெறுவதுதான் நோக்கம், கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடிகள் யாரும் இருக்க மாட்டார்கள், பறவைகளுக்கு இன்னும் ஐ.நா.வில் குழு இல்லை என்று எழுதினார். அதன்கீழ் டெனிஸ் கிரீன்ஹில் என்ற இன்னொரு அதிகாரி, துரதிர்ஷ்டவசமாக அந்தப் பறவைகளோடு, எங்கிருந்து வந்தவர்கள் என்றே தெளிவில்லாத சில டார்சான்களும் "மேன் ஃப்ரைடே"களும் இருக்கிறார்கள், அவர்களை மொரிஷியஸ் தலையில் கட்டிவிடலாம் என நம்புகிறோம் என்று சேர்த்தார். சட்ட ஆலோசகர் ஒருவரின் குறிப்பில் ஒரு பகுதிக்குத் தலைப்பே "புனைவைக் காப்பாற்றுதல்".

இந்தக் குறிப்புகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. இவர்கள் சட்டம் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்ததால்தான் எந்தச் சொல்லை மாற்றினால் ஒரு கடமை முழுதாக விழுந்துவிடும் என்று சரியாகக் கண்டுகொண்டார்கள். "குடிமக்கள்" என்பதை "தொழிலாளர்கள்" என்று மாற்றியதே போதுமானதாக இருந்தது. அதே காலகட்டத்தில், செஷல்ஸிலிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்ட ஆல்டப்ரா தீவிலும் ஒரு தளம் போட யோசித்தார்கள். அங்கே வாழும் ராட்சத ஆமைகளுக்காக விஞ்ஞானிகள் திரண்டு குரல் கொடுத்தார்கள். 1967இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பிரிட்டனின் பணநெருக்கடியும் அதற்குக் காரணம். ஆனாலும் ஆமைகளுக்குப் பேச ஆள் இருந்தது. சாகோஸ் மக்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதே வெளியுலகத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியேற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1967-68 முதல், மருத்துவத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் மொரிஷியஸ் போனவர்கள் திரும்பக் கப்பலேறத் துறைமுகத்துக்கு வந்தபோது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது, இனிப் போக முடியாது என்று சொல்லப்பட்டது. தீவில் இருந்தவர்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுவரும் கப்பல்கள் குறைந்தன. 1971இல் குடிநுழைவுச் சட்டம் ஒன்று போட்டு, அனுமதியின்றி அங்கே இருப்பதையே குற்றமாக்கினார்கள். டியேகோ கார்சியாவில் மக்கள் வளர்த்த நாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது. கடைசியில் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அவற்றை அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். எந்தக் கொட்டகையில் அந்த ஊர் காலகாலமாக உழைத்ததோ, அதே கொட்டகையில். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1973 ஏப்ரலில் பெரோஸ் பன்ஹோஸ் தீவிலிருந்து நார்ட்வேர் என்ற கப்பலில் ஏற்றப்பட்டவர்களில் லிஸ்பி எலிசே ஒருவர். வயது 20, நான்கு மாதக் கர்ப்பிணி. தங்கள் தீவைத் திரும்பிப் பார்க்க முடியாதபடி இருட்டில் கப்பலேற்றினார்கள், அடித்தளத்தில் விலங்குகளைப் போல, அடிமைகளைப் போலக் கிடந்தோம், துக்கத்தாலேயே ஆட்கள் செத்தார்கள் என்று 45 வருடம் கழித்து அவர் சாட்சி சொன்னார். மொரிஷியஸில் பிறந்த அவர் குழந்தை இறந்துபோனது. சாகோஸ் கிரியோலில் "சக்ரென்" என்று ஒரு சொல் உண்டு. ஊரை இழந்த ஏக்கம் ஆளையே தின்றுவிடும் நோய் அது. மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் குடிசைப் பகுதிகளில் பலர் இறந்ததற்கு அந்தச் சொல்லையே காரணமாகச் சொல்கிறார்கள்.

மொத்தம் சுமார் 1,500 பேர், சில கணக்குகளில் 2,000 வரை. அமெரிக்காவுக்குத் தளம் கிடைத்தது. பதிலுக்கு, அமெரிக்காவிடம் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைகளின் திட்டத்தில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி பிரிட்டனுக்கு. அதை அமெரிக்க நாடாளுமன்றத்திடமும் சொல்லவில்லை. 1982இல் பிரிட்டன் 40 லட்சம் பவுண்டு கொடுத்தது. பணம் வாங்கியவர்களிடம் ஆங்கிலச் சட்டமொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வாங்கினார்கள். ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அதில் இருந்தது என்பது எழுதப் படிக்கத் தெரியாத அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனி நீதிமன்றங்கள். நான்கு வயதில் தீவிலிருந்து வந்து, திரும்ப முடியாமல்போன ஒலிவியே பான்கூல் என்பவர் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2000 நவம்பர் 3 அன்று வென்றார். பழைய காலனிச் சட்டங்களிலெல்லாம் ஒரு வாசகம் வரும்: "அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி" ஆகியவற்றுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம். அந்த அதிகாரத்தில் மக்களையே வெளியேற்றலாமா? மக்கள் ஆளப்பட வேண்டியவர்கள், அகற்றப்பட வேண்டியவர்கள் அல்ல என்றார் நீதிபதி லாஸ். அப்போதைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக் தீர்ப்பை ஏற்றார். ஆனால் 2004 ஜூன் 10 அன்று அரச சிறப்புரிமையைக் கொண்டு, மறுபடியும் நாடாளுமன்றத்துக்கு வராமலே, ஊர் திரும்பும் உரிமை பறிக்கப்பட்டது. வழக்கு மேலே மேலே போய், 2008 அக்டோபரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் 3–2 என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஊரில் வாழும் உரிமை என்பது சட்டம் கொடுப்பது, கொடுத்த சட்டமே எடுத்துக்கொள்ளலாம் என்றார் பிரபு ஹாஃப்மன்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் கைவிட்டது. 1982இல் பணம் வாங்கிக் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று 2012இல் சொல்லிவிட்டது.

2010இல் பிரிட்டன் சாகோஸைச் சுற்றிப் பெரும் கடல் காப்பகம் ஒன்றை அறிவித்தது. பவளப்பாறைகளுக்கும் மீன்களுக்கும் நல்ல செய்திதான் என்று எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு விக்கிலீக்ஸ் வெளியிட்ட 2009ஆம் ஆண்டு அமெரிக்கத் தூதரகத் தந்தி ஒன்றில், இந்தக் காப்பகம் வந்தால் பழைய குடிகள் தீவுக்குத் திரும்பும் கோரிக்கை நடைமுறையில் முடிந்துவிடும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் சொன்னதாகப் பதிவாகியிருந்தது. ராபின்சன் குரூசோ கதையில் வரும் வேலைக்காரனின் பெயரான "மேன் ஃப்ரைடே" என்று அம்மக்களைக் குறிப்பிடும் பழக்கமும் 1966இலிருந்து அப்படியே தொடர்ந்திருந்தது. 2015இல் ஒரு கடல்சட்டத் தீர்ப்பாயம், மொரிஷியஸின் உரிமைகளை மதிக்காமல் செய்த அந்த அறிவிப்பு சட்டப்படி செல்லாது என்றது.

மொரிஷியஸ் நேரடியாகச் சர்வதேச நீதிமன்றத்துக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அந்த நீதிமன்றத்தில் வழக்காட இரு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். பிரிட்டன் முன்கூட்டிச் சம்மதம் கொடுத்திருந்தது, ஆனால் காமன்வெல்த் நாடுகளோடான தகராறு அதில் சேராது என்ற விலக்கோடு. அதாவது தன் பழைய காலனிகளில் பெரும்பாலானவை தன்மேல் வழக்குப் போட முடியாதபடி. 2004இல் மொரிஷியஸ், சரி, காமன்வெல்த்தை விட்டே வெளியேறி வழக்குப் போடுகிறோம் என்றது. உடனே பிரிட்டன் அந்த வாசகத்தைத் திருத்தி, காமன்வெல்த்தில் முன்பு இருந்த நாடுகளுக்கும் விலக்கு பொருந்தும் என்று ஆக்கிக்கொண்டது. காலனியம் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த ஒற்றை வரித் திருத்தத்தைத்தான். அதை மீறல் என்று எவராலும் சொல்ல முடியாது. விதிப்படி எல்லாம் சரி.

மிச்சமிருந்த ஒரே வழி ஐ.நா. பொதுச்சபை. அங்கே ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு, வீட்டோ கிடையாது. 1945இல் 51 நாடுகளோடு தொடங்கிய சபை அது. 1960இல் மட்டும் 17 புதிய நாடுகள் சேர்ந்தன, அவற்றில் 16 ஆப்பிரிக்க நாடுகள். 1514ஆம் தீர்மானம் அந்த ஆண்டு வந்தது தற்செயல் அல்ல. 2017 ஜூன் 22 அன்று, சாகோஸ் பற்றிச் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்கும் தீர்மானம் 94–15 என்று நிறைவேறியது. 65 நாடுகள் நடுநிலை. அதே ஆண்டு நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. அந்த நீதிமன்றத்துக்கான தேர்தலில் இந்தியாவின் தல்வீர் பண்டாரிக்குப் பொதுச்சபையில் ஆதரவு பெருகப் பெருக, பிரிட்டனின் வேட்பாளர் கிறிஸ்டோபர் கிரீன்வுட் விலகிக்கொண்டார். 1946இல் நீதிமன்றம் தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாக அதில் பிரிட்டிஷ் நீதிபதி இல்லாமல் போனார்.

2018 செப்டம்பரில் தி ஹேக் நகரில் விசாரணை. லிஸ்பி எலிசே பேசிய காணொளி அங்கே திரையிடப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் வாக்குமூலத்தை எழுதித் தராமல், தன் கிரியோலில் பேசிப் பதிவு செய்திருந்தார். சில நிமிடங்கள்தான். தொழிலாளர்கள் மட்டுமே இருந்தார்கள் என்று எந்த மக்களைப் பற்றிச் சொல்லப்பட்டதோ, அவர்களில் ஒருவரின் குரல் அந்த மண்டபத்தில் கேட்டது.

பிரிட்டனின் முக்கியமான வாதங்களில் ஒன்றைக் கவனியுங்கள். 1965இல் சுயநிர்ணயம், அதாவது ஒரு மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவுசெய்வது, சட்ட உரிமையாக இருக்கவில்லை, வெறும் அரசியல் கோட்பாடுதான், அன்றைய செயலை அன்றைய சட்டத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைய சட்டத்தை எழுதியவர்கள் யார்? காலனிய நாடுகள் எங்கெல்லாம் கணக்குக் கேட்கப்படுகின்றனவோ அங்கெல்லாம் இந்த வாதம் வரும். நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்களை 1904 முதல் 1908 வரை கொன்று குவித்ததை ஜெர்மனி 2021இல் "இன்றைய பார்வையில்" இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. அந்த இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருப்பதும் இதே வாதம்தான். 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னார்கள், இழப்பீடு என்ற சொல்லை மட்டும் ஏற்கவில்லை.

2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 1965இலேயே சுயநிர்ணயம் வழக்காற்றுச் சட்டமாகிவிட்டது, அதாவது நாடுகளின் நடைமுறையாலேயே கட்டுப்படுத்தும் சட்டமாகிவிட்டது என்றது. ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் இடையே நடந்த 1965 பேச்சைச் சர்வதேச உடன்படிக்கை என்று சொல்ல முடியாது, அந்த இசைவு மக்களின் சுதந்திரமான விருப்பத்தைக் காட்டவில்லை என்றது. சாகோஸில் பிரிட்டனின் ஆட்சியை இயன்றவரை விரைவாக முடிக்க வேண்டும் என்று 13 நீதிபதிகள் சொன்னார்கள். அமெரிக்க நீதிபதி ஒருவர் மட்டும் மாறுபட்டார். மூன்று மாதத்தில் பொதுச்சபை 116–6 என்ற வாக்கில் ஆறு மாதக் கெடு விதித்தது. ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்று பிரிட்டன் அந்தக் கெடுவைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் சின்னச் சின்னதாகக் கதவுகள் மூடின. 2021இல் கடல்சட்டத் தீர்ப்பாயத்தின் தனி அமர்வு, மொரிஷியஸின் இறையாண்மை தீர்க்கப்பட்ட விஷயம் என்றது. அதே ஆண்டு உலக அஞ்சல் ஒன்றியம், சாகோஸிலிருந்து போகும் கடிதத்தில் மொரிஷியஸ் தபால்தலைதான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. தபால்தலை என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். தீவு யாருடையது என்பதை அன்றாடக் காரியங்களில் உலகம் ஒப்புக்கொள்வது அப்படித்தான்.

2022 பிப்ரவரியில் மொரிஷியஸ் ஏற்பாடு செய்த கப்பலில், பிரிட்டனின் அனுமதி கேட்காமல், சாகோஸ்காரர்கள் ஐவர் பெரோஸ் பன்ஹோஸில் இறங்கினார்கள். எலிசேயும் அதில் ஒருவர். மண்ணில் விழுந்து முத்தமிட்டார்கள். இடிந்து புதர் மண்டிக் கிடந்த தேவாலயத்தைச் சுத்தம் செய்தார்கள். அப்புறம் திரும்பக் கப்பலேறினார்கள்.

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரிஷியஸும் ஒப்பந்தம் செய்துகொண்டன. தீவுகளின் இறையாண்மை மொரிஷியஸுக்கு, டியேகோ கார்சியா தளம் 99 வருடம் பிரிட்டன் கையில், அதற்கு ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு. இதைச் சிலர் காலனியத்தின் முடிவு என்று கொண்டாடினார்கள். எனக்கு அப்படிக் கொண்டாட முடியவில்லை. சாகோஸ் மக்கள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. டியேகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டனில் வழக்குப் போட்டு, கையெழுத்தாக வேண்டிய அன்று அதிகாலையில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். நண்பகல் வாக்கில் தடை விலக்கப்பட்டு, அன்றே கையெழுத்தானது.

இங்கேதான் சர்வதேசச் சட்டத்தின் இன்னொரு காலனிய வேர் தெரிகிறது. சாகோஸ் ஏன் மொரிஷியஸுக்குச் சொந்தம்? பிரெஞ்சுக்காரர்களும் பிறகு பிரிட்டிஷ்காரர்களும் நிர்வாக வசதிக்காக அவற்றை 2,000 கி.மீ.க்கு அப்பாலுள்ள மொரிஷியஸோடு சேர்த்து ஆண்டார்கள் என்பதால். காலனிய அரசு போட்ட கோடுதான் விடுதலைக்குப் பிறகும் எல்லை. 1963இல் அமைந்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அடுத்த ஆண்டே இதை ஒப்புக்கொண்டது. கோடுகளைக் கிளறினால் முடிவில்லாத சண்டை என்று பயந்தார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் விளைவு, சுயநிர்ணயம் என்று சட்டம் சொல்லும்போது "சுயம்" யார் என்பதைக் காலனிய வரைபடம் தீர்மானிக்கிறது. 2019 தீர்ப்பில்கூட, தீவுக்குத் திரும்பிக் குடியேறுவது மனித உரிமை சார்ந்த விஷயம், அதைப் பொதுச்சபை கவனிக்கட்டும் என்று ஒரு பத்தியில் ஒதுக்கிவிட்டார்கள். நிலம் பிரிக்கப்பட்டதை விரிவாகப் பேசிய நீதிமன்றம், அகற்றப்பட்ட மனிதர்களைப் பற்றிச் சுருக்கமாகத்தான் பேசியது. இங்கிலாந்தின் கிராலி நகரில் வாழும் சாகோஸ்காரர்களில் பலர், லண்டனும் வேண்டாம் போர்ட் லூயிஸும் வேண்டாம், எங்களைக் கேளுங்கள் என்கிறார்கள். அந்தக் குரலுக்கு உட்கார இடம் கொடுக்கும் நாற்காலி இந்தச் சட்டத்தில் இன்னும் செய்யப்படவில்லை.

அப்படியானால் இந்தச் சட்டத்தால் பயனே இல்லையா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1966இல் பறவைகளுக்குக் குழு இல்லை என்று எழுதியவர்களின் நாட்டை, அரை நூற்றாண்டு கழித்து, அதே ஐ.நா.வின் மூலமாக ஒரு சின்னத் தீவு நாடு பேச்சுவார்த்தைக்கு இழுத்து வந்தது. அதற்கு உதவியது படை அல்ல, பணம் அல்ல, 1960இல் புதிதாக விடுதலையடைந்த நாடுகள் வாக்களித்து உண்டாக்கிய ஒரு தீர்மானம்.

"இன்றைக்கு யாருக்காவது பாதிப்பு இருக்கிறதா" என்பது கேள்வியின் கடைசிப் பகுதி. 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் பழுதாகி, அதிலிருந்த 89 இலங்கைத் தமிழர்கள் டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அகதி என்று கோரினார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையைப் பிரிட்டன் ஏற்றிருக்கிறது, ஆனால் அந்த உடன்படிக்கை இந்தப் பிரதேசத்துக்கு நீட்டிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. 1965இல் ஒரு ஆணையால் உண்டாக்கிய காலனி என்பதால், லண்டனில் செல்லும் சட்டம் அங்கே தானாகச் செல்லாது. வேலி போட்ட முகாமில், எலி நடமாடும் கூடாரங்களில், அவர்களில் பலர் மூன்று வருடம் இருந்தார்கள். காவலர் துணையில்லாமல் வெளியே நடக்க முடியாது. 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே, இது சட்டவிரோதச் சிறைவைப்பு, பெயர்தான் வேறே தவிர அது சிறையேதான் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் பெரும்பாலோரை இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள்.

2025 ஒப்பந்தப்படி, மற்ற தீவுகளில் மொரிஷியஸ் மறுகுடியேற்றம் செய்யலாம். எலிசேயின் பெரோஸ் பன்ஹோஸ் அதில் வருகிறது. டியேகோ கார்சியா வராது. அங்கே பிறந்தவர்கள் தங்கள் பெற்றோரின் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்றாலும், அதற்கு இன்னும் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும்.